எந்தக் கடிகாரத்தில்?

மணி என்ன என்று அந்த அக்காவிடம் கேட்டால் நேராகப் பதில் வராது. "எந்தக் கடியாரத்துல?" என்று திருப்பிக் கேட்பார். புதிதாக வருகிறவர்கள் கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைப்பார்கள். நாம் விழித்துக்கொண்டு நின்றால் அவரே தொடர்ந்து சொல்லுவார். "செவுத்துல நாலே கால். உன் மெஷின்ல நாலு பன்னண்டு. ஓனர் ரூம்ல நாலு இருவது, அவரு எப்பவும் அவசரத்துல இருக்கறாரு. உனக்கு எது வேணுமோ எடுத்துக்க."

அவர் பெயரை எழுதப்போவதில்லை. நிரல் எழுதுகிறவர்கள் கோப்பின் தலையில் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்வது வழக்கம். அக்கா அந்த வரியைக் காலியாகவே விட்டுவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, "வேல செஞ்சிகினு இருந்தா போதும், பேரு எதுக்கு" என்றார். நான் என் கோப்புகளில் பெயரோடு பி.இ. என்ற பட்டத்தையும் சேர்த்துப் போடுவேன். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. கம்பெனி என்பது பெரிய வார்த்தை. ஓனர், அக்கா, நான், ஒரு யுபிஎஸ். அதில் யுபிஎஸ்தான் அடிக்கடி லீவு போடும். நான் பி.இ., அக்கா பாலிடெக்னிக். ஆகவே என்னைவிடப் பத்து வயது மூத்தவருக்கு நான் சீனியர். இதை ஓனர் விசிட்டிங் கார்டில் அச்சடித்தே கொடுத்திருந்தார். அக்காவுக்குக் கார்டு கிடையாது.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நிலக்கரி மைன்ஸ் வேலைக்கு வந்தவர். டவுன்ஷிப் குவாட்டர்ஸில், மரநிழல் விழும் அகலமான சாலையில் வளர்ந்தவள் நான். அக்காவின் ஊர் சேத்தியாத்தோப்பு போகும் சாலையில் இருந்தது. டிரைவருக்கு மனம் இருந்தால் மட்டும் பஸ் நிற்கிற ஊர். அவருடைய அம்மா பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போவார். ஒருமுறை ஆபீசுக்கு வந்தபோது பார்த்தேன், கொட்டை எண்ணெய் பட்டுப்பட்டு இரண்டு கையும் கறுத்திருந்தன. அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இன்னா குவாட்டர்ஸு, டப்பால இன்னா?" என்றுதான் காலை வணக்கம்.

ஆபீசுக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்காமல் ஒரு வேலை செய்வார். ஒவ்வொரு கணினியிடமும் போய் மூலையில் ஓடும் மணியைப் பார்ப்பார். பிறகு சுவரைப் பார்ப்பார், கைபேசியைப் பார்ப்பார். எது எவ்வளவு முந்துகிறது, எது எவ்வளவு பிந்துகிறது என்று ஒரு பழைய பரீட்சை அட்டையில் செருகிய தாளில் பென்சிலால் குறித்துக்கொள்வார். எதையும் சரிசெய்ய மாட்டார். எனக்கு எரிச்சலாக வரும்.

"தப்பா ஓடுதுன்னா திருத்தி வெச்சிட வேண்டியதுதானேக்கா?"

"அது தப்பா ஓடுதுன்னு நீ எதவெச்சி சொல்ற? இன்னொண்ணவெச்சிதான. அது சரின்னு உனக்கு யார் சொன்னாங்க?"

இந்த மாதிரி பேச்சுக்கு நான் கணினியின் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கீழே ஜெராக்ஸ் கடைக்கார அம்மாவுக்கு அக்காவின் கல்யாணத்தைப் பற்றி ஓயாத கவலை. படியேறும்போது மடக்கிவிடுவார். "முப்பத்தி நாலு ஆவுதேம்மா, இன்னும் எப்போ?" அக்கா நின்று, சிரிக்காமல், "எந்தக் கடியாரத்துலக்கா ஆவுது?" என்று கேட்டுவிட்டு மேலே வந்துவிடுவார். அந்த அம்மா கையில் தாளோடு அப்படியே நிற்பார். நான் பின்னாலேயே சிரித்துக்கொண்டு ஏறுவேன்.

எங்களுக்குப் பெரிய வாடிக்கையாளர் என்று இருந்தது ஒரே ஒரு தொழிற்சாலை. அனல் மின்நிலையச் சாம்பலை வாங்கி, சுண்ணாம்பு கலந்து, கல் அறுத்து, அதை நீராவியில் வேகவைத்து விற்பார்கள். வேகவைக்கும் நீண்ட இரும்பு உருளையை அங்கே எல்லாரும் பாய்லர் என்றே சொல்வார்கள். அதன் அழுத்தம் அளவு மீறினால் மணி அடிக்க வேண்டும். ஆபரேட்டர் ஓடிப்போய் வால்வைத் திறந்துவிட்டு, மேசையில் இருக்கும் கணினியில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். மணி எப்போது அடித்தது, பொத்தான் எப்போது அமுங்கியது என்று எழுதிவைக்கும் நிரல்தான் எங்கள் வேலை.

அதற்கு இரண்டு கணினிகள். பாய்லர் பக்கத்தில் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் ஒரு சின்ன லினக்ஸ். மேசைமேல் ஒரு விண்டோஸ். இரண்டுக்கும் நேரம் என்றால் ஒன்று இல்லை. லினக்ஸ், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது ஜனவரி முதல் தேதியிலிருந்து விநாடி விநாடியாக எண்ணிக்கொண்டு வருகிறது. விண்டோஸ், ஆயிரத்து அறுநூற்று ஒன்று ஜனவரி முதல் தேதியிலிருந்து, அதுவும் ஒரு விநாடியைக் கோடிக் கூறாக்கி எண்ணிக்கொண்டு வருகிறது. சி மொழியில் எழுதும்போது இந்தக் கணினி என்றால் இப்படிக் கேள், அந்தக் கணினி என்றால் அப்படிக் கேள் என்று ஒரே வேலைக்கு இரண்டு வழி போட்டுவைக்க வேண்டும். அந்தக் கோப்பை அக்காதான் எழுதினார். இரண்டு தொடக்கத்துக்கும் நடுவே எத்தனை விநாடி என்பது அவருக்கு மனப்பாடம். ஆயிரத்து நூற்று அறுபத்து நான்கு கோடியே நாற்பத்து நான்கு லட்சத்து எழுபத்து மூவாயிரத்து அறுநூறு. சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லுவார். முந்நூற்று அறுபத்தொன்பது வருடம் அந்த எண்ணுக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நானும் சாப்பிடுவேன். வெளியே வாகை நெற்றுகள் காற்றில் சலசலக்கும்.

"பொறந்த நாளு வேற வேறயா இருந்தாலும் பரவால்ல," என்பார் அக்கா. "அத மாத்திக்கலாம். கணக்கு இருக்குது. ஆனா ஒருத்தர் கையால திருப்பி வெக்கிற கடியாரத்த இன்னொரு கடியாரத்தோட மட்டும் கழிக்காத. வர்ற வெடைக்கு அர்த்தமே இல்ல."

இதை அவர் எத்தனை முறை சொன்னார் என்று எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது, "நாளைக்கிக் காலைல சங்கு ஊதறதுக்கு முன்னாடி போன் பண்றேன், எடு. ஒண்ணும் பேச வாணாம்" என்றார். மைன்ஸ் சங்கு ஷிப்டுக்கு ஷிப்டு ஊதும். ஞாயிற்றுக்கிழமையும் விடாது. மறுநாள் போன் வந்தது. வாசலுக்கு வந்து நின்றேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது, சாலையில் ஒரு பால்காரர் மட்டும் போனார். சங்கு ஊதியது. போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் கோழி சத்தம், யாரோ வாளி வைக்கும் சத்தம். என் தெருவில் சங்கு ஓய்ந்து, தொலைவில் ஒரு நாய் குரைத்து, அதுவும் ஓய்ந்த பிறகு, போனுக்குள் மெல்லிசாக அதே சங்கு மறுபடி ஊதத் தொடங்கியது.

"கேக்குதா?" என்றார் அக்கா.

"கேக்குதுக்கா."

"இருவது செகண்டு. எங்க ஊருக்கு வந்து சேர்றதுக்கு அவ்ளோ ஆவுது. அங்க ஆறு மணி ஆன பின்னாடிதான் இங்க ஆறு மணி."

போனை வைக்க மனம் வரவில்லை. அந்தக் காலை இன்னும் எனக்குள் இருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் பனி வாசனையும் வருகிறது.

இன்னொரு நாளும் அப்படித்தான். கணினியை இயக்கிய நொடியிலிருந்து அதற்குள் ஓர் எண்ணிக்கை ஓடும். மணியை யார் முன்னே தள்ளினாலும் பின்னே தள்ளினாலும் அந்த எண்ணிக்கைக்கு ஒன்றும் ஆகாது, அது தன்பாட்டுக்குக் கூடிக்கொண்டே போகும். தேதி தெரியாது, மணி தெரியாது, எழுந்ததிலிருந்து எவ்வளவு ஆயிற்று என்பது மட்டும் தெரியும். அக்காவுக்கு அதன்மேல் தனிப் பிரியம். ஆனால் விண்டோஸில் அதற்கு ஓர் எல்லை உண்டு. நாற்பத்தொன்பது நாளும் பதினேழு மணியும் சொச்சமும் ஆனால் இடம் போதாமல் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அக்கா ஒரு பழைய கணினியை அணைக்காமல் ஓடவிட்டார். அந்த ஐம்பது நாளும் யுபிஎஸ் லீவு போடாதது அதிசயம்தான்.

"வியாழக்கெழம மத்தியானம் மூணே கால் போல வரும்" என்றார்.

"எந்தக் கடியாரத்துல?" என்றேன், பழைய பாக்கியைத் தீர்ப்பதற்காக.

"அதோட கடியாரத்துலதான்" என்றார், கொஞ்சமும் அசராமல்.

வியாழக்கிழமை இருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். திரையில் எண் மட்டும் ஓடியது. நானூற்று இருபத்தொன்பது கோடி. மின்விசிறி சுற்றியது, வெயில் ஜன்னல் கம்பியின் நிழலைத் தரையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தியது. எனக்குத் தூக்கம் வருகிற மாதிரியும் இருந்தது, நெஞ்சு அடித்துக்கொள்கிற மாதிரியும் இருந்தது. அக்கா ஓடும் எண்ணையும் கைபேசியின் மணியையும் ஒருமுறை தாளில் குறித்துக்கொண்டார். சட்டென்று அத்தனை இலக்கமும் போய் ஒற்றை இலக்கமாகி, மறுபடி முதலிலிருந்து கூடத் தொடங்கியது.

"போயிடுச்சேக்கா" என்றேன்.

"போவட்டும். முன்னாடி குறிச்சி வெச்சோம் இல்ல, அத இப்ப இருக்கறதுலேர்ந்து கழி."

கழித்தேன். மைனஸில் வரும் என்று நினைத்தேன். பன்னிரண்டு விநாடி என்று சரியாக வந்தது. எண்கள் வட்டமாகச் சுற்றுவதால், பூஜ்யத்தைத் தாண்டினாலும் கழித்தல் தப்பாது. படித்ததுதான், பரீட்சையில் எழுதியதுதான். ஆனால் அன்றைக்குத்தான் நம்பினேன். அக்கா எழுந்து கணினியை அணைத்துவிட்டு டீ சொல்லப் போனார்.

இவ்வளவும் பார்த்த நான்தான் அந்தத் தப்பைச் செய்தேன். தொழிற்சாலைக்குக் கொடுக்கும் ரிப்போர்ட்டை எழுதியது நான். மணி அடித்த செய்தி மேசைக் கணினிக்கு வந்த கணத்தில், இயக்கியதிலிருந்து ஓடும் அந்த எண்ணிக்கை எவ்வளவு, பொத்தான் அமுங்கிய கணத்தில் எவ்வளவு என்று அக்கா எழுதிய நிரல் இரண்டு எண்களைத் தவறாமல் பதிந்துவைக்கும். பத்து இலக்க எண் வாடிக்கையாளருக்குப் புரியாது, அசிங்கமாகவும் இருக்கிறது என்று நான் அந்தப் பத்திகளைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் 'தாமதம்' என்று அழகாக ஒரு பத்தி போட்டேன். லினக்ஸ் சொன்ன மணியை விண்டோஸ் சொன்ன மணியிலிருந்து கழித்து வந்தது அந்தத் தாமதம். அக்கா பார்த்துவிட்டு, "வாணாம்மா இது" என்றார். "ரெண்டுலயும் டைம் கரெக்டா வெச்சிருக்கோம்க்கா" என்றேன். சீனியர் என்ற முறையில் சொன்னேன்.

அந்த வருடம் வெயில் காலத்தில், பகல் ஷிப்டில், பாய்லர் கதவின் ஓரத்தில் நீராவி பிய்த்துக்கொண்டு அடித்தது. கல் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு முழங்கைவரை வெந்துவிட்டது. எங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார்கள். மணி அடித்தது ஒன்று முப்பத்திரண்டுக்கு. பொத்தான் அமுங்கியது ஒன்று நாற்பத்து மூன்றுக்கு. தாமதம், பத்து நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. ஆபரேட்டர் ராஜவேலு சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறான் என்று முடிவாகிவிட்டது. அவர் கான்ட்ராக்ட் ஆள், பதினோரு வருடமாகக் கான்ட்ராக்ட். கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வியாழக்கிழமை விசாரணை, அதற்குப்பின் வேலை போவதோடு போலீசிலும் எழுதிக்கொடுப்பார்கள் என்று பேச்சு.

எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. என் ரிப்போர்ட் ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்திருக்கிறது என்று நினைத்தேன். அக்காதான், "பத்து நிமிசம்னா, எந்தக் கடியாரத்துல?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு பொம்பளைக்குக் கை வெந்து கெடக்குது, இப்பவும் உங்களுக்கு இதே பேச்சுதானா?" என்று கேட்டேன். அக்கா பையை எடுத்தார். "வா, போயி பாத்துட்டு வரலாம்."

பாய்லர் அறைச் சுவரில் ஒரு நகைக்கடைக் கடிகாரம் மாட்டியிருந்தது. உள்ளே நுழைந்ததும் அக்கா அதைப் பார்த்தார், தன் கைபேசியைப் பார்த்தார், மேசைக் கணினியின் மூலையைப் பார்த்தார். அங்கிருந்த சூப்பர்வைசர் நல்ல மனிதர். கேட்டதும் உற்சாகமாகச் சொன்னார்.

"அதுங்களா? புது வேன்காரன் ரெண்டு மணின்னா ரெண்டு மணிக்கு வண்டிய எடுத்துடறான்ங்க. நம்ம ஆளுங்க நாலு பேரு போன வாரம் வெயில்ல நடந்தே போனாங்க. அதான் செவுத்துக் கடியாரத்த பத்து நிமிசம் முன்னாடி தள்ளி வெச்சேன். அப்பறம் கம்ப்யூட்டர்லயும் அதே மாதிரி மாத்தி வெச்சிட்டேன். ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தானங்க ஆளுங்களுக்குக் கொழப்பம் வராது."

அவர்மேல் கோபப்பட எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்துக் கடிகாரமும் பத்து நிமிடம் முந்தித்தான் ஓடுகிறது. ஷிப்ட் பஸ்ஸை விடக்கூடாது என்று அப்பா வைத்தது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அன்று காலையில்கூட அதைப் பார்த்து, மனத்துக்குள் பத்தைக் கழித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். இந்த ஊரில் ஒரு கடிகாரத்தை யாராவது முன்னே தள்ளிவைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமா?

அக்கா பூட்டிய பெட்டியைத் திறந்து இரண்டு கணினியையும் ஒரே கணத்தில் மணி கேட்டார். மேசைக் கணினி பத்து நிமிடம் பதினாலு விநாடி முந்தியிருந்தது. பிறகு, நான் தாளிலிருந்து எடுத்துவிட்ட அந்த அசிங்கமான இரண்டு எண்களைத் தேடிக் கழித்தார். முப்பத்தெட்டு விநாடி. என் பத்து நிமிடம் ஐம்பத்திரண்டில் பத்து நிமிடம் பதினாலைக் கழித்தாலும் அதே முப்பத்தெட்டு. மணி அடித்து முப்பத்தெட்டு விநாடிக்குள் ராஜவேலு ஓடிப்போய் வால்வைத் திறந்துவிட்டு, திரும்பி வந்து பொத்தானை அமுக்கியிருக்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குகிற ஆள் செய்கிற வேலை அல்ல.

அக்கா அந்த எண்களைத் தாளில் எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "நாளைக்கி நீ சொல்றியா?" என்று மட்டும் கேட்டார். சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

விசாரணைக்குப் போகும் வழியில் ஓனரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். "கேட்டா, சிஸ்டம் காட்டினதைக் கொடுத்தோம்னு சொல்லுங்கம்மா. நம்ம புரோகிராம் தப்புன்னு மட்டும் வாயைத் தொறக்காதீங்க. இந்த ஒரு ஃபேக்டரிதான் நமக்கு இருக்கு" என்றார். கெட்டவர் இல்லை, பயந்தவர்.

மேனேஜர் அறையில் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, கீழே ஒரு பெயிண்ட் டப்பா வைத்திருந்தார்கள். ராஜவேலு சுவரோரம் நின்றார். நீலச் சட்டை துவைத்துத் தேய்த்துப் போட்டிருந்தார்.

"மணி அடிச்ச ஒடனே ஓடனேன் சார். சாப்பாட்டு டப்பாவக் கூட மூடல" என்றார்.

"நீ ஒடனேங்கற, கம்ப்யூட்டர் பத்து நிமிஷம்ங்குது. நான் யாரை நம்பறது?" என்ற மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "மேடம், இந்த ரிப்போர்ட் நீங்கதானே ரெடி பண்ணீங்க? இதுல இருக்கறது கரெக்ட்தானே?"

பதில் எனக்குத் தெரியும். ஒரே வார்த்தை. வாயில் வந்துவிட்டது, வெளியே வரவில்லை. ஓனர் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிப்போர்ட்டின் மேல்பக்கத்தில் என் பெயரும் என் பட்டமும் இருந்தன. டப்பாவில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. ராஜவேலு என்னைப் பார்த்தார், அவருக்கு நான் யார் என்றே தெரியாது. அக்கா மேனேஜரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்துகிற பார்வை இல்லை. எனக்குத் தர வேண்டிய நேரத்தைத் தந்துகொண்டிருந்தார். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு அக்கா பேசினார். "சார், தப்பு எங்க புரோகிராம்ல இருக்குது."

மடித்த தாளைப் பிரித்து, மூன்று நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்கள். அவர் வேன் கதையைச் சொன்னார், சொல்லும்போதே அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. மேனேஜர் இரண்டு முறை கழித்துப் பார்த்தார். "இதை எழுதினது யாரு?" என்று கேட்டார்.

"மூணு பேரு ஆபீசு சார். எங்க ஆபீசுதான் எழுதிச்சி" என்றார் அக்கா.

ராஜவேலு சுவரில் சாய்ந்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டார். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. அன்றே கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். கதவின் ரப்பர் தேய்ந்திருந்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

திரும்பும்போது ஓனர் எங்களோடு வரவில்லை. நானும் அக்காவும் டவுன் பஸ்ஸில் வந்தோம். அக்கா ஜன்னலோரம், நான் பக்கத்தில். முந்திரித் தோப்புகள் வந்து வந்து போயின.

"நான் எவ்ளோ நேரம்க்கா சும்மா இருந்தேன்?" என்று கேட்டேன்.

வழக்கமான கேள்வியை எதிர்பார்த்தேன். அவர் கேட்கவில்லை. என் கையைத் தட்டிக்கொடுத்தார். "என்னுதுல எவ்ளோன்னு சொன்னா உனக்கு ஒதவாதும்மா. உன்னுதுல பாத்துக்க."

மறுநாள் காலை நான் முதல் வேலையாக 'தாமதம்' பத்தியை அழித்துவிட்டு, அவருடைய இரண்டு எண்களையும் ரிப்போர்ட்டில் சேர்த்தேன். கோப்பின் தலையிலிருந்து என் பட்டத்தை எடுத்தேன். அக்கா பார்த்தார். "இன்னா குவாட்டர்ஸு, டப்பால இன்னா?" என்றார்.

ஓனர் அதன்பிறகு அக்காவோடு அதிகம் பேசவில்லை. மழைக்காலம் தொடங்குவதற்குள் அக்கா வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். நெல்லிக்குப்பம் பக்கம் என்றார்கள். அவருடைய போன் நம்பரும் மாறிவிட்டது. நான் சென்னைக்கு வந்தேன். அந்த அறையில் நான் வாயடைத்து இருந்த நேரமும் நாற்பத்தொன்பது நாளில் பூஜ்யமாகிவிடும் என்று ஆரம்பத்தில் நம்பினேன். ஆகவில்லை. கூடிக்கொண்டே போயிற்று.

நான்கு வருடம் கழித்து ஒரு பலாப்பழக் காலத்தில் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில், நெய்வேலிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குக் கீழே ஒருவர் வந்து நின்று என்னை உற்றுப் பார்த்தார். தோளில் ஒரு சின்னப் பலாப்பழம்.

"நீங்க அந்தக் கம்ப்யூட்டர் ஆபீசு பொண்ணுதானங்க? நான் ராஜவேலுங்க. பாய்லரு."

அவர் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். மகள் நர்சிங் படிக்கிறாள். எல்லாவற்றையும் எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னார். பிறகு, "அன்னிக்கே உங்களுக்கு ஒரு வார்த்த சொல்லணும்னு இருந்தேன்" என்றார். "ரெண்டு கடியாரமும் வேற வேறன்னு கண்டுபுடிச்சதே நீங்கதான்னு அந்த அக்கா சொல்லிச்சி. நீங்க ரூம்ல வாயத் தொறக்கலியே, அவங்களப் போயி சொல்றீங்களேன்னு அக்காகிட்ட கேட்டேன். அந்தப் பொண்ணு கொஞ்சம் மெதுவாத்தான் பேசும், ஆனா பேசும்னு சொல்லிச்சி."

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் ஒருமுறை குலுங்கியது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே குனிந்தேன்.

"இல்லண்ணே. அந்தத் தப்பப் பண்ணதே நான்தான். கண்டுபுடிச்சது அவங்க" என்றேன்.

அவர் காதில் விழுந்தது. தலையாட்டினார், பலாப்பழத்தை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். சொல்வதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்று தெரியாது. பஸ் கிளம்புவதற்குள் சொல்லிவிட்டேன்.